சைஸ் சரிதான்... அகலம்? தட்டைப் பாதக்காரர்கள் ரன்னிங் ஷூ வாங்கப் போகும் முன்...

ஓடிப் பழகியவர்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் பழைய ரன்னிங் ஷூ ஒன்று கட்டாயம் கிடக்கும். அதைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் ரப்பர் பாதிகூடத் தேய்ந்திருக்காது. லேஸ் புதுசு மாதிரி இருக்கும். ஆனால், சுண்டுவிரல் பக்கம் மட்டும் வலைத்துணி பிய்ந்து, காலில் மாட்டினால் சாக்ஸ் வெளியே எட்டிப் பார்க்கும். சில ஷூக்களில் உள்பக்க சோல் அமுங்கிப் போய், மேஜையில் வைத்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். 'இவ்வளவு காசு கொடுத்து வாங்கினோம்... நாலு மாசம்கூட வரலையே!' என்று கம்பெனியைத் திட்டிவிட்டு அடுத்த ஷூ வாங்கப் போவார்கள். அதுவும் நாலே மாதத்தில், அதே இடத்தில் கிழியும்.

அந்த 'அதே இடத்தில்' என்பதுதான் இங்கே விஷயம். தரமில்லாத ஷூ எங்கே வேண்டுமானாலும் பிய்யும். வேறு வேறு கம்பெனி ஷூக்கள் ஒரே இடத்தில் பிய்கிறது என்றால், காலும் ஷூவும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று அர்த்தம். கால் அகலமாக இருந்து, பாதமும் தட்டையாக இருப்பவர்களுக்கு இந்தச் சண்டை தினமும் நடக்கிறது. இவர்களுக்கு 'உழைக்கிற ஷூ' என்பது தடிமனான, விலை அதிகமான ஷூ அல்ல. அகலம் பொருந்துகிற ஷூதான் உழைக்கும்.

எண் சொல்வது நீளத்தை மட்டும்

'எனக்கு 8-ம் நம்பர்' என்று கடையில் சொல்கிறோமே, அந்த 8 நம் காலின் நீளத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அகலத்தைப் பற்றி அதில் ஒரு தகவலும் கிடையாது. பிரிட்டிஷ்காரர்கள் கொண்டு வந்த அளவு முறை அது. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். அந்த முறை இந்தியக் கால்களை அளந்து உருவானதல்ல.

இந்தியக் கால்களை அளக்கும் வேலையைச் செய்தது சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். சி.எல்.ஆர்.ஐ. என்றால் பலருக்கும் தெரியும். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தார்கள். தெரியவந்த முக்கியமான விஷயம், சராசரி இந்தியக் கால் ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட அகலம். அதனால் பலரும் நீளத்தில் பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டோ, இறுக்கமான ஷூவில் காலைத் திணித்துக்கொண்டோ காலம் தள்ளுகிறார்கள். இந்த ஆய்வை வைத்துத்தான் 'பாரத்' என்ற பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு 'பா' என்ற புதிய இந்திய அளவு முறை பரிந்துரைக்கப்பட்டது. 

ஆக, 'எனக்குத்தான் கால் இப்படி வாத்துக்கால் மாதிரி இருக்கு' என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால்களுக்கு விரல்கள் விரிய இடம் கிடைத்திருக்கிறது, விரிந்திருக்கிறது. இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை மேற்கத்தியர்களின் பாதங்களோடு ஒப்பிட்டு, பெல்ஜிய ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. அதிலும் நம்மவர்களின் முன்பாதம்தான் அகலமாக இருந்தது.

ஒரு நம்பர் பெருசா வாங்கினால்?

அகலம் போதாதபோது எல்லோரும் செய்வது இதைத்தான். 8 இறுக்குகிறது, 9 கொடுங்கள். கடைக்காரரும் சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பார். ஆனால், 8.5 மில்லிமீட்டர் கூடுவது நீளத்தில். அகலத்தில் கூடுவது அதில் ஒரு சிறு பங்குதான். 

இதன் விளைவுகள் ஓடும்போதுதான் தெரியும். ஷூ மடங்கும் இடம் விரல்களின் அடிப்பகுதிக்கு நேராக இருக்க வேண்டும். நீளம் கூடினால் அது முன்னே தள்ளிப் போய்விடும். உள்ளே வளைவுக்காக வைத்த மேடு, தட்டைப் பாதத்தில் தப்பான இடத்தில் குத்தும். குதிகால் வழுக்கும், அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் தாமாகவே சுருண்டு தரையைக் கவ்வும். கொப்புளம், கறுத்துப்போன நகம், படியில் தடுக்கல் எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பம். இவ்வளவும் போதாதென்று சுண்டுவிரல் பக்கம் பழையபடி கிழியும். ஏனென்றால், அங்கே இடம் கூடவே இல்லையே!

இன்னொரு வசனம் கடைகளில் அடிக்கடி கேட்கும். 'போடப் போட லூஸ் ஆயிடும் சார்.' தோல் ஷூவுக்கு இது ஓரளவு பொருந்தும். தோல் நெகிழும், காலின் வடிவத்துக்கு வரும். ரன்னிங் ஷூவின் வலைத்துணி அப்படி நெகிழாது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளும் நெகிழாது. இறுக்கமான வலைத்துணி கடைசியில் 'லூஸ்' ஆவது கிழிந்துதான்.

பெட்டியில் ஓர் எழுத்து

அகலத்துக்கென்றே தனி அளவு உண்டு. நம் ஊரில் அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் குறைவு. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில், நம்பருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். ஆண்களுக்கு 'டி' என்றால் சாதாரண அகலம், '2ஈ' என்றால் அகலம், '4ஈ' என்றால் மிக அகலம். பெண்களுக்கு 'பி' சாதாரணம், 'டி' அகலம், '2ஈ' மிக அகலம். சில கம்பெனிகள் எழுத்துக்குப் பதிலாக 'வைடு', 'எக்ஸ்ட்ரா வைடு' என்றே போடுகின்றன. ஒன்றுமே போடவில்லை என்றால் சாதாரண அகலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீளத்தோடு அகலத்தையும் அளக்கும் கருவியை அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் ஷூ கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் பிரானாக் 1920-களிலேயே செய்துவிட்டார். நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையிலான தூரம் என மூன்றையும் அந்த உலோகத் தட்டு காட்டும். நூறு வருடம் ஆகப்போகிற அந்தக் கருவியை நம் ஊர் ஷோரூம்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். 'கால் என்ன சைஸ்?' என்று வாடிக்கையாளரையே கேட்பதுதான் இங்கே அளவெடுப்பு!

நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ், புரூக்ஸ், ஹோக்கா, சாக்கனி போன்ற கம்பெனிகள் சில மாடல்களைக் கூடுதல் அகலத்திலும் தயாரிக்கின்றன. இதில் நியூ பேலன்ஸின் கதை சுவாரஸ்யமானது. 1906-ல் பாஸ்டனில் அது தொடங்கப்பட்டபோது ஷூவே தயாரிக்கவில்லை. பாத வளைவைத் தாங்கும் அட்டைகளைத்தான் செய்து விற்றது. ஆல்ட்ரா என்ற கம்பெனி இன்னொரு வழியில் போகிறது. விரல் பகுதியை மட்டும் கால் வடிவத்திலேயே அகலமாக விட்டுவிடுகிறது. ஆனால் அதன் பல மாடல்களில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் எடுத்ததும் நீண்ட தூரம் ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இந்தியாவில் எல்லா மாடலும் எல்லா அகலத்திலும் வருவதில்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல். கடையில் அலமாரியில் இல்லாத அகலம், அதே கம்பெனியின் இணையதளத்தில் இருக்கலாம். பெண்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பெண்கள் பிரிவில் அகலமான ஷூ கிடைக்கவில்லை என்றால், ஆண்கள் பிரிவில் அதே நீளத்தில் சாதாரண 'டி' அகலத்தைப் போட்டுப் பார்க்கலாம். பெண்களின் 'வைடு' எழுத்தும் அதேதான். குதிகால் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், லேஸில் சரிசெய்துவிடலாம். நம்பரைப் பார்க்காமல், ஷூவின் நாக்கில் எழுதியிருக்கும் சென்டிமீட்டர் அளவைப் பார்ப்பது நல்லது. நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறும். சென்டிமீட்டரை ஒப்பிடுவது சுலபம்.

காகிதம், பென்சில், சாயங்காலம்

கால் அளக்க நல்ல நேரம் சாயங்காலம். நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்று உப்பியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடும்போது போடுகிற அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரை ஒட்டிக் காகிதத்தை விரித்து, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் தட்டைப் பாதத்தின் கணக்கு தப்பிவிடும். உடல் எடை இறங்கும்போதுதான் அது நீளவும் விரியவும் செய்கிறது. வீட்டில் இன்னொருவர் பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து ஓரமாக வரையட்டும். இரண்டு காலையும் வரைய வேண்டும். பலருக்கும் ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும், பெரிய காலுக்குத்தான் ஷூ. நீளத்தோடு, பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை உள்ள அதிகபட்ச அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளின் அளவுப் பட்டியலில் இந்த அகலமும் இருக்கும்.

குழந்தை பெற்ற பெண்கள் பழைய நம்பரை நம்பாமல் மறுபடி அளப்பது அவசியம். கர்ப்ப காலத்தில் பாத வளைவு சற்று இறங்கி, கால் நீளமாகிவிடலாம். பிரசவத்துக்குப் பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம் என்பதை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வு 2013-ல் காட்டியது.

கடைக்குப் போனபிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு நிமிட வேலை, ஆனால் பத்து விளம்பரங்களைவிட அதிகம் சொல்லும். ஷூவுக்குள் இருக்கும் அட்டையை, அதாவது இன்சோலை வெளியே எடுங்கள். தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் ஓரம் அட்டையைத் தாண்டி வழிகிறதா? அப்படியென்றால் ஷூவுக்குள்ளும் அப்படித்தான் வழியப் போகிறது. வழிகிற சதையைத் தாங்க அடியில் சோல் இருக்காது, பக்கத்துத் துணிதான் தாங்கும். நாலு மாதத்தில் கிழிவது அந்த இடம்தான். முன்பக்கம், நீளமான விரலுக்கு அப்பால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அட்டை மிச்சம் இருந்தால் நீளம் சரி.

'வைடு' என்று எழுதியிருக்கும் ஷூவுக்கும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். சில மாடல்களில் மேல்துணியை மட்டும் தளர்த்தித் தைத்துவிட்டு, அடிப்பாகத்தை அதே அகலத்தில் விட்டுவிடுவார்கள். போட்டால் தாராளமாக இருக்கும், ஓடினால் பாதம் சோலின் ஓரத்தைத் தாண்டி இறங்கும். தட்டைப் பாதத்துக்கு அகலமான அடித்தளம்தான் முக்கியம்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் 'போட்டால் வசதியாக இருக்கிறது' என்ற தீர்ப்பை நம்பக்கூடாது. இறுக்கம் அவர்களுக்குத் தெரியாது, புண் வந்தபிறகுதான் தெரியும். அவர்கள் காகித அளவையும் அட்டைச் சோதனையையும் நம்பட்டும். ஓட்டம் தொடங்கும் முன் மருத்துவரிடமும் காலைக் காட்டிவிட வேண்டும்.

தட்டைப் பாதம் நோயா?

ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடந்தால் சிலருடைய தடத்தில் நடுவே பிறை மாதிரி ஓர் இடைவெளி விழும். தட்டைப் பாதக்காரர்களுக்கு முழுப் பாதமும் அப்படியே பதியும். ராணுவத் தேர்வில் இதைப் பார்ப்பார்கள் என்பதால், நம் வீடுகளில் இது ஒரு பெரிய குறைபாடு மாதிரி பேசப்படுகிறது. 

பாதம் தட்டையாக இருப்பவர்கள் நுனிக்காலில் எழும்பி நின்று பார்க்கலாம். அப்போது வளைவு தோன்றினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாதவரை அதற்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை. நுனிக்காலில் நின்றும் வளைவு வரவில்லை, ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையாகிறது, கணுக்காலின் உள்பக்கம் வலிக்கிறது, வீங்குகிறது என்றால் அது ஷூ கடை விவகாரம் அல்ல. எலும்பு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு. வளர வளர வளைவு வரும். கர்நாடகத்தில் 4 முதல் 13 வயதுவரையிலான 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ராவ், ஜோசப் என்ற இரு எலும்பு மருத்துவர்கள் ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார்கள். தட்டைப் பாதம் வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளிடம் குறைவாகவும், ஷூ போட்டு வளர்ந்தவர்களிடம் அதிகமாகவும் இருந்தது. அதிலும் விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் மிக அதிகம். மூன்று வயதுப் பிள்ளைக்கு 'ஆர்ச் சப்போர்ட்' ஷூ தேடி அலைகிற பெற்றோர், அந்தக் காசில் மணலில் விளையாட பீச்சுக்குக் கூட்டிப் போகலாம்.

பெரியவர்களுக்குக் கடையில் சொல்லப்படும் சூத்திரம் வேறு. 'உங்க பாதம் உள்பக்கம் சாயுது, ஸ்டெபிலிட்டி ஷூதான் போடணும்.' இதைப் படைவீரர்களை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் படைப் பயிற்சி முகாம்களில் ஒரு பிரிவினருக்குப் பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ, மற்றவர்களுக்கு வடிவம் பார்க்காமல் ஒரே வகை ஷூ. 2009, 2010-ம் ஆண்டுகளில் வெளியான முடிவுகளில் காயங்களின் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால், லக்ஸம்பர்க்கில் 372 பேரை ஆறு மாதம் கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், பாதம் உள்பக்கம் சாய்பவர்களுக்கு அதைக் கட்டுப்படுத்தும் ஷூ ஓரளவு உதவியிருக்கிறது. எனவே, அந்த வகை ஷூ வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. போட்டு ஓடினால் இதமாக இருக்கிறதா, அகலம் பொருந்துகிறதா? இரண்டுக்கும் பதில் 'ஆமாம்' என்றால் வாங்கலாம். வளைவுக்கான மேடு பாதத்தின் நடுவில் கூழாங்கல் மாதிரி உறுத்துகிறது என்றால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் கழற்றி வைத்துவிடுவதே நல்லது.

எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?

ரன்னிங் ஷூவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 500 முதல் 800 கிலோமீட்டர். வாரம் நாலு நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இது ஆறு முதல் ஒன்பது மாதம். உடல் எடை கூடினால் இது குறையும். 2,500 ரூபாய் ஷூ 150 கிலோமீட்டரில் பிய்ந்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 17 ரூபாய். 8,000 ரூபாய் ஷூ 700 கிலோமீட்டர் வந்தால் 11 ரூபாய்தான். விலைச்சீட்டைப் பார்ப்பதைவிட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஷூவில் முதலில் சாவது அடி ரப்பர் இல்லை, அதற்கு மேலே இருக்கும் நுரை. மிட்சோல் என்பார்கள். பெரும்பாலான ஷூக்களில் இருப்பது இ.வி.ஏ. நுரை. லேசானது, ஆனால் நாளடைவில் அமுங்கிப் போகும். டி.பி.யு. வகை நுரை எடை அதிகம், சீக்கிரம் அமுங்காது. பந்தயத்துக்கென்று வரும் கார்பன் தகடு வைத்த உயரமான ஷூக்கள் அகலக்காலுக்குச் சரிப்படாது. பெரும்பாலும் ஒடுக்கமாகவும், பஞ்சு மாதிரி மெத்தென்றும் இருக்கும். தட்டைப் பாதம் அதில் தள்ளாடும்.

கையில் எடுத்தும் சோதிக்கலாம். முன்னும் பின்னும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். துணி மாதிரியே முறுகினால் வேண்டாம். குதிகாலைச் சுற்றியிருக்கும் பகுதியை அழுத்தினால் அது நசுங்காமல் எதிர்க்க வேண்டும். மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நட்டநடுவில் அல்ல.

வாங்கியபிறகு ஷூவின் ஆயுளைத் தின்பது பெரும்பாலும் நம் வெயிலும் நம் பழக்கமும்தான். ஓட்டம் முடிந்ததும் காரின் டிக்கியில் போட்டுவிட்டுப் போனால், உள்ளே இருக்கும் சூட்டில் பசை இளகும். வாஷிங் மெஷினில் போட்டாலும் அதே கதைதான். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஃபேன் காற்றில் காயவிட வேண்டும். ஓடுகிற ஷூவையே ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போடுவது அதன் கிலோமீட்டரை வீணடிப்பது. வசதி இருந்தால் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம். லக்ஸம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த இன்னோர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயங்கள் குறைவாக இருந்தன.

கையில் இருப்பது கொஞ்சம் இறுக்கமான ஷூ, உடனே மாற்றக் காசில்லை என்றால், லேஸை அவிழ்த்து, விரல் பக்கம் இருக்கும் முதல் துளைகளை விட்டுவிட்டு அடுத்த துளையிலிருந்து கோத்துப் பாருங்கள். முன்பாதத்துக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். சுண்டுவிரல் பக்கம் நூல் பிரியத் தொடங்கும்போதே தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால், உள்ளே ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுப்பார். இன்னும் இரண்டு மூன்று மாதம் ஓடும். அடி ரப்பர் கழன்றாலும் ஒட்டித் தருவார். அமுங்கிய நுரையை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நுரை அமுங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஷூவை மேஜையில் வைத்து, குதிகால் பக்கம் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். இரண்டும் உள்பக்கம் சாய்ந்து நின்றால், மிட்சோலின் ஓரத்தில் நிரந்தரச் சுருக்கங்கள் விழுந்திருந்தால், ஓடிய மறுநாள் முழங்காலும் கணுக்காலும் புதிதாக வலித்தால், ரப்பர் எவ்வளவு புதுசாக இருந்தாலும் அதை நடைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். புது ஷூ வந்த அன்றே இன்சோலை எடுத்து, அதன் அடிப்பக்கத்தில் பேனாவால் தேதியை எழுதி வைத்துவிட்டால், எத்தனை மாதம் ஓடியது என்ற கணக்கு அங்கேயே இருக்கும். இணையத்தில் வாங்கியவர்கள் முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடக்கட்டும், தேதியை அதன்பிறகு எழுதலாம். அடி அழுக்காகிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.